மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) இந்தியாவில் உடல் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்த இவர், தமிழ்நாட்டின் வேலூரில் மருத்துவம் பயின்று, தம் பணிவாழ்வின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1954 ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்தொன்றில் இவரது தண்டுவடம் சேதமுற்றது. இடுப்புக்குக் கீழே இயக்கத்தையும் உணர்வையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்றார். 1963 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 இல் அக்கல்லூரியின் சார்பில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாக முதன்மைக் காரணமாக விளங்கினார். இந்திய அரசு 1972 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் உலோகத் திருகாணிகளால் பிணைத்து நிலைநிறுத்தும் அறுவைச் சிகிச்சை பரவலாவதற்கு முன்பே மேரி வர்கீசுக்குக் காயம் ஏற்பட்டது. தண்டுவடக் காயமுற்றவர் மீண்டும் உட்காரவும் உழைக்கவும் எவையெவை தேவை என்பதை அவர் நோயாளியாகவும் மருத்துவராகவும் அறிந்திருந்தார். அவ்வறிவின் அடிப்படையிலேயே வேலூரின் மறுவாழ்வுப் பணி அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925 இல் கொச்சிப் பகுதியில், வசதியும் செல்வாக்கும் மிக்க சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் பயின்ற பின் மருத்துவக் கல்விக்காக வேலூருக்கு வந்தார்.

அவர் சேர்ந்த கல்லூரி, அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் 1900 இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகத்திலிருந்து வளர்ந்ததாகும். 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அமைந்தது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1942 இல் அப்பள்ளி பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். மேரி வர்கீஸ் பயின்ற காலம் அக்கல்லூரியில் புதிய துறைகள் அடுத்தடுத்துத் தோன்றிய காலமாகும். 1946 இல் வேலூருக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கினார். கொல்லிமலையில் 1914 இல் பிறந்தவர் அவர். 1949 இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை அங்கு நிறுவினார்.

மேரி வர்கீஸ் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னர்ப் பெண்ணோயியலில் சிறப்புப் பயிற்சி பெறும் விருப்பத்துடன் அதே மருத்துவமனையில் பணியாற்றி வந்தார்.

1954 ஆம் ஆண்டின் விபத்து

1954 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் மருத்துவர்கள் சிலர் வேலூரிலிருந்து வண்டியொன்றில் இன்பச் சுற்றுலா சென்றனர். அவர்களுடன் மேரி வர்கீசும் சென்றார். வழியில் வண்டி கவிழ்ந்து உருண்டது. மேரி வர்கீசுக்கு முகத்தில் ஆழமான காயங்கள் ஏற்பட்டன. அவற்றைவிடக் கடுமையானது முதுகில் நேர்ந்த காயம். தண்டுவடம் சேதமுற்றதால் இடுப்புக்குக் கீழே கால்களின் இயக்கம், தொடு உணர்வு, வலி உணர்வு, சிறுநீர் மற்றும் மலக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் இல்லாமற் போயின. அவர் அப்போது முப்பது வயதை எட்டவில்லை.

அக்காலத்தில் தண்டுவடக் காயம் பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. காயம் நேரடியாகக் கொல்வது அரிது. உணர்வற்ற தோல் நீண்ட நேரம் அழுத்தப்படுவதால் படுக்கைப் புண்கள் தோன்றும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாததால் சிறுநீர் தேங்கி, தொற்று சிறுநீரகங்களுக்குப் பரவும். இவ்விரண்டின் விளைவாகவே நோயாளிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் இவ்வாறு மாண்டனர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1944 இல் தண்டுவடக் காயப் பிரிவொன்றைத் தொடங்கிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. நோயாளியைக் குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையைத் தூய முறையில் காலியாக்குதல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி, விளையாட்டு ஆகியவற்றை ஒருங்கே கொண்டது அவருடைய முறை. பென்சிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அக்காலத்திலேயே புழக்கத்துக்கு வந்தன.

மேரி வர்கீஸ் பல மாதங்கள் படுக்கையில் இருந்தார். பல அறுவைச் சிகிச்சைகளுக்கும் உள்ளானார். உடன்பயின்றோரும் செவிலியரும் அவரைப் பேணினர். முன்னர்த் தாம் நோயாளிகளைப் பார்வையிட்ட மருத்துவமனையிலேயே, தாமாகப் புரண்டு படுக்கவும் இயலாத நோயாளியாக இருக்க நேர்ந்தது. அந்த அனுபவம் அவருடைய பிற்காலப் பணியில் ஆழமாகப் பதிந்தது.

முதுகெலும்பை நிலைநிறுத்த அக்காலத்தில் இருந்த வழிகள்

தண்டுவடம் சேதமுற்றவருக்கு இருவேறு சிக்கல்கள் உண்டு. முதலாவது நரம்புச் சேதம். இதனைச் சீராக்கும் வழி அன்றும் இல்லை, இன்றும் முழுமையாக இல்லை. இரண்டாவது எலும்பின் உறுதியின்மை. உடைந்த முள்ளெலும்புகள் உடல் எடையைத் தாங்க மாட்டா. முதுகு வளையும், எஞ்சியுள்ள நரம்புகளும் நசுங்கக்கூடும், நிமிர்ந்து உட்கார இயலாது. எனவே எலும்பு பொருந்தி உறுதிப்படும் வரை அதனை ஏதேனும் ஒரு வகையில் அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

1950களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருந்தன. தலையணைகளைக் கொண்டு முதுகைச் சரியான வளைவில் தாங்கி, நோயாளியை ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருப்பது ஒரு வழி. குட்மன் இம்முறையையே வலியுறுத்தினார். அவசரமாகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகள் முதுகெலும்பின் உறுதியை மேலும் குலைக்கின்றன என்பது அவர் கருத்து.

மற்றொரு வழி எலும்பொட்டு அறுவைச் சிகிச்சையாகும். 1911 இல் நியூயார்க்கில் பிரெட் ஆல்பி, ரசல் ஹிப்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே இதனை வெளியிட்டனர். ஆல்பி கால் எலும்பிலிருந்து எடுத்த துண்டை முள்ளெலும்புகளின் பின்புற முட்களுக்கிடையே பதித்தார். ஹிப்ஸ் முள்ளெலும்புகளின் சொந்த எலும்பையே சிறு துண்டுகளாக்கி அடுக்கி, அவை ஒன்றாக வளரச் செய்தார். இரு முறைகளிலும் முதுகெலும்பின் ஒரு பகுதி காலப்போக்கில் ஒரே எலும்பாக இணையும். எனினும் அது வரை அதனைப் பற்றிப் பிடிக்கும் கருவி எதுவும் உடலுக்குள் இல்லை. நோயாளி மாதக்கணக்கில் மாவுக்கட்டிலும் படுக்கையிலும் இருக்க நேர்ந்தது. அசைவு மிகுந்தால் எலும்பு இணையாமலே போய்விடும்.

திருகாணிகளைப் பயன்படுத்தும் முயற்சிகள் அப்போதுதான் முளைவிட்டிருந்தன. 1944 இல் டான் கிங் என்னும் அமெரிக்க மருத்துவர், கீழ் முதுகும் திருவெலும்பும் சந்திக்குமிடத்தில் உள்ள சிறுமூட்டுகளின் குறுக்கே குட்டையான திருகாணிகளைச் செலுத்திய முறையை வெளியிட்டார். 1959 இல் கனடாவைச் சேர்ந்த பூச்சர் நீளமான திருகாணிகளைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். டெக்சாசில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த சிறார்களுக்கு முதலில் சிறுமூட்டுத் திருகாணிகளையே முயன்றார். அவை நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் அவர் கொக்கிகளும் கம்பியும் கொண்ட கருவியை உருவாக்கி 1962 இல் வெளியிட்டார். மேரி வர்கீஸ் காயமுற்ற காலத்தில் இவற்றுள் எதுவும் உலகில் வழக்கமான சிகிச்சையாக மாறியிருக்கவில்லை.

சக்கர நாற்காலியில் அறுவை மருத்துவர்

நடக்க இயலாத ஒருவர் மருத்துவராகத் தொடர முடியுமா என்பது அன்று விடை தெரியாத வினாவாக இருந்தது. மகப்பேறும் வயிற்று அறுவைச் சிகிச்சையும் நின்றுகொண்டு செய்யப்படுபவை. ஆகவே பெண்ணோயியல் அறுவை மருத்துவராகும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போனது. அந்நிலையில் பால் பிராண்ட் அவருக்கு வேறொரு வழியைக் காட்டினார். கை அறுவைச் சிகிச்சையில் நோயாளியின் கை ஒரு சிறிய மேசையின் மீது நீட்டி வைக்கப்படும். அறுவை மருத்துவர் அதன் எதிரே அமர்ந்தே பணியாற்றுவார். அப்பணிக்குக் கண்ணும் கையும் பொறுமையும் போதும், கால்கள் தேவையில்லை.

அக்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கான அறுவைச் சிகிச்சை விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கும்போது கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பறவையின் நகம் போல மடங்கி விடுகின்றன. செயற்படும் தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு வேறிடத்தில் பொருத்துவதே இச்சிகிச்சையின் அடிப்படை. விரல்கள் மீண்டும் நிமிர்ந்தால் நோயாளியால் உணவுண்ணவும், கருவிகளைப் பிடிக்கவும், பிறருடன் கைகுலுக்கவும் முடியும். அவ்வாறு கை சீரானவர்கள் தொழில் கற்பதற்காக 1951 இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டது. 1955 இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மற்றும் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது.

மேரி வர்கீஸ் இவ்வறுவைச் சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்தார். சமூகம் ஒதுக்கி வைத்த நோயாளிகளின் கைகளை, நடக்க இயலாத மருத்துவர் ஒருவர் சீராக்கினார். தம்மினும் பெரிய இழப்புக்கு உள்ளான ஒருவர் பணியாற்றுவதைக் காண்பது பல நோயாளிகளுக்கு ஊக்கமளித்தது.

தொழுநோயாளிகளுக்கும் தண்டுவடக் காயமுற்றோருக்கும் இடையே மருத்துவ முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. தொழுநோயில் விரல்களும் பாதங்களும் அழுகி விழுவதாக மக்கள் நம்பினர். வலி உணர்வு இல்லாததால் தீக்காயமும் வெட்டும் அழுத்தமும் கவனிக்கப்படாமல் போவதே உறுப்பிழப்புக்குப் பெருங்காரணம் என்பதை வேலூர்க் குழுவினர் நிறுவினர். தண்டுவடம் சேதமுற்றவரின் இருக்கைப் பகுதியிலும் இதுவே நிகழ்கிறது. நலமான ஒருவர் தம்மை அறியாமலே சில நிமிடங்களுக்கு ஒரு முறை உடலை அசைத்து அமர்கிறார். உணர்வு இழந்தவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. எனவே அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கொள்ளப் பழக வேண்டும். தோலை நாள்தோறும் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். பிறருடைய உணர்வற்ற கைகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டே தம்முடைய உணர்வற்ற உடலையும் காக்க வேண்டிய நிலையில் மேரி வர்கீஸ் இருந்தார்.

பெர்த், நியூயார்க் பயிற்சிகள்

வேலூரில் தண்டுவடக் காயமுற்றோருக்கென முழுமையான மறுவாழ்வுப் பயிற்சி அப்போது இல்லை. ஆகவே மேரி வர்கீஸ் ஆத்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தமக்கான பயிற்சியைப் பெற்றார். ஜார்ஜ் பெட்புருக் தலைமையில் 1954 முதல் தண்டுவடக் காயப் பிரிவு இயங்கி வந்த நகரம் அது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடை உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களைப் பிறர் உதவியின்றிச் செய்வது இப்பயிற்சியின் மையமாகும்.

இத்தகைய பயிற்சியைத் தம் நாட்டினருக்கும் வழங்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. தொடர்ந்து அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க்கில் ஹவார்டு ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வான்படை வீரர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுத்தவர் ரஸ்க். 1955 இல் உலக மறுவாழ்வு நிதியம் என்னும் அமைப்பை நிறுவி, பல நாடுகளின் மருத்துவர்களுக்கு இத்துறையில் பயிற்சி கிடைக்கச் செய்தார். நோய் நீங்கியதும் மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை, நோயாளி தம் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் திரும்பும் வரை அது தொடர்கிறது என்பது அந்நிலையத்தின் கொள்கையாகும்.

கைதேர்ந்த அறுவை மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் புதியதொரு துறைக்கு மாறியது எளிய முடிவன்று. தொழுநோய் அறுவைச் சிகிச்சைக்கு அக்காலத்தில் வேறு மருத்துவர்களும் பயிற்சி பெற்று வந்தனர். தண்டுவடக் காயமுற்றோரின் மறுவாழ்வுக்கோ இந்தியாவில் பயிற்சி பெற்ற மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர்.

வேலூரில் மறுவாழ்வுத் துறை

மும்பையில் 1955 இல் நடுவண் அரசின் சார்பில் உடல் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. மருத்துவக் கல்லூரியின் பகுதியாக, உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சியளிக்கும் துறை என்னும் வகையில் வேலூரின் முயற்சி முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1963 இல் மேரி வர்கீஸ் இத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் செயற்படத் தொடங்கியது.

நகரின் நடுவே உள்ள மருத்துவமனையிலிருந்து விலகி, கல்லூரி வளாகம் அமைந்த பகுதியில் இந்நிலையம் அமைந்தது. அவசரச் சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் முடிந்த நோயாளிகள் இங்கு மாற்றப்பட்டனர். இத்தகைய நிலையத்தில் ஒரு மருத்துவர் மட்டும் பணியாற்ற முடியாது. இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செவிலியர், செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் செய்யும் கைவினைஞர், சமூகப் பணியாளர், தொழிற்பயிற்சி அளிப்போர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்க வேண்டும். குடும்பத்தாரில் ஒருவரும் உடனிருந்து பயிற்சி பெற வேண்டும்.

மேலைநாட்டு முறைகளை அப்படியே பின்பற்ற இயலாத சூழல் இங்கு இருந்தது. இந்திய வீடுகளில் தரையில் அமர்ந்து உண்பதும், பாயில் உறங்குவதும், குந்தி அமரும் கழிப்பிடமும் வழக்கம். ஊர்ப்புறங்களில் சக்கர நாற்காலி செல்லும் பாதை இராது. தண்டுவடக் காயத்துக்கான காரணங்களும் வேறானவை. பனை, தென்னை, புளிய மரங்களிலிருந்து விழுதல், கிணற்றில் விழுதல், தலைச்சுமையுடன் சறுக்குதல் ஆகியவை சாலை விபத்துகளுக்கு இணையாகக் காணப்பட்டன. காயமுற்றோரில் பலர் குடும்பத்துக்குச் சோறிடும் இளம் ஆண்கள். அவர்கள் வீடு திரும்பிய பின் ஒரு படுக்கைப் புண்ணோ சிறுநீர்த் தொற்றோ போதும், மருத்துவமனையில் பெற்ற பயன் அனைத்தும் வீணாகும்.

வேலூர் நிலையத்தில் பயிற்சி பெற்றுச் சென்ற பழைய நோயாளிகள் ஒன்றுகூடும் மறுவாழ்வு மேளா என்னும் ஆண்டு நிகழ்வு பிற்காலத்தில் வழக்கமானது. விளையாட்டும் கலை நிகழ்ச்சிகளும் நடைபெறும் இந்நிகழ்வில், நோயாளிகளின் உடல்நிலையும் பரிசோதிக்கப்படுவதால் சிக்கல்கள் தொடக்கத்திலேயே கண்டறியப்படுகின்றன.

எல்லைப் பகுதியும் திருத்தணியும்

வேலூர் தமிழ்நாட்டின் வட எல்லையை அடுத்த நகரம். சித்தூர் மாவட்டத்தின் தெலுங்கு பேசும் ஊர்களிலிருந்தும், சோளிங்கர், அரக்கோணம், திருத்தணி போன்ற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருவது நெடுங்கால வழக்கம். மேரி வர்கீஸ் காயமுற்ற 1954 இல் திருத்தணி ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டங்களின் விளைவாக 1960 இல் அது சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. எல்லைக்கோடு மாறிய போதும் இவ்வட்டாரத்து மக்களுக்குப் பெரிய மருத்துவமனை வேலூரிலேயே இருந்தது.

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணியின் மலைக்கோயிலுக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு எனக் கூறப்படுகிறது. ஆடிக் கிருத்திகையன்று இலட்சக்கணக்கானோர் காவடியுடன் இப்படிகளில் ஏறுகின்றனர். மலைமீது வண்டிகள் செல்லும் பாதையும் உள்ளது. படியேற இயலாதவருக்கு ஒரு சாய்வுப் பாதை எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. வீட்டு வாயில், பள்ளி, அலுவலகம், பேருந்து ஆகிய ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலியில் செல்வோர் இத்தகைய படிகளையே எதிர்கொள்கின்றனர். இந்தியாவில் பொதுக் கட்டடங்களில் தடையற்ற வசதி வேண்டும் என்னும் கோரிக்கை 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும், அதற்கு மாற்றாக வந்த 2016 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. இவ்விரு சட்டங்களும் மேரி வர்கீசின் மறைவுக்குப் பின்னரே வந்தன.

பிற்காலத் திருகாணி முறைகள்

மேரி வர்கீசின் வாழ்நாளிலேயே முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை பெரிதும் மாறியது. பாரிசில் ரேமண்ட் ராய்-கமீல் 1963 முதல் முள்ளெலும்பின் காம்புப் பகுதி வழியாகத் திருகாணியைச் செலுத்தி, அதனை உலோகத் தகட்டுடன் இணைத்தார். 1970 இல் இதனை வெளியிட்டார். முள்ளெலும்பின் பின்பகுதியை முன்பகுதியுடன் இணைக்கும் காம்பு உறுதியான எலும்பாலானது. அதன் வழியே செல்லும் திருகாணி முள்ளெலும்பு முழுவதையும் பற்றிக் கொள்கிறது. கொக்கியும் கம்பியும் எலும்பின் பின்புறத்தை மட்டுமே பிடிப்பவை. இதுவே காம்புத் திருகாணியின் சிறப்பாகும். அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு நீண்ட ஆய்வுக்கும் வழக்குகளுக்கும் பின்னர் 1998 இல் இத்திருகாணிகளின் வகைப்பாட்டைத் தளர்த்தியது.

முதுகெலும்பின் அடிப்பகுதி தனிச் சிக்கல் உடையது. அசையும் நீண்ட தூண் ஒன்று, அசையாத இடுப்பெலும்பு வளையத்தைச் சந்திக்குமிடம் அது. மேலே பல முள்ளெலும்புகள் உலோகத்தால் பிணைக்கப்பட்டால், அவை ஒரு நீண்ட நெம்புகோல் போலச் செயற்பட்டுக் கீழ்முனையில் உள்ள திருகாணிகளைப் பிடுங்க முயல்கின்றன. திருவெலும்போ மென்மையான உள்ளமைப்பு உடையது. திருகாணி தளர்வதற்கு வாய்ப்பு மிகுதி. எனவே பிணைப்பை இடுப்பெலும்பு வரை நீட்டும் முறைகள் தோன்றின. 1980களின் தொடக்கத்தில் டெக்சாசின் கால்வெஸ்டன் நகரில் ஆலன், பெர்கூசன் ஆகியோர் கம்பியின் முனையை வளைத்து இடுப்பெலும்பின் இரு சுவர்களுக்கு இடையே செலுத்தினர். பின்னர்க் கம்பியின் இடத்தில் தடித்த இடுப்பெலும்புத் திருகாணிகள் வந்தன. இரண்டாயிரங்களின் இறுதியில், திருவெலும்பின் இரண்டாம் பகுதியில் தொடங்கி மூட்டைக் கடந்து இடுப்பெலும்பினுள் செல்லும் திருகாணி முறை பரவியது. இதில் திருகாணியின் தலை தோலுக்குச் சற்று ஆழத்தில் அமைவதால் மெலிந்த நோயாளிகளுக்குத் தோலில் உறுத்துவது குறைகிறது.

இம்முறைகள் சக்கர நாற்காலியில் வாழ்வோருக்கு நேரடியான பொருள் உடையவை. தசைகள் செயலிழந்த உடலில் முதுகு வளைந்து இடுப்பு ஒருபுறமாகச் சாயும்போது, உட்காரும் எடை முழுவதும் ஒரு பக்க இருக்கை எலும்பின் மீது விழும். அங்கே புண் தோன்றும். கைகளை ஊன்றியே உட்கார வேண்டியிருப்பதால் கைகள் வேலைக்குப் பயன்படாமற் போகும். இடுப்பைச் சமநிலையில் நிறுத்தும் பிணைப்பு, அவருடைய தோலைக் காப்பதுடன் இரு கைகளையும் விடுவிக்கிறது.

தண்டுவடம் சேதமுற்ற சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்த பின் மற்றொரு சிக்கலும் தோன்றும். உணர்வற்ற முதுகெலும்பு மூட்டு, வலியின் எச்சரிக்கை இல்லாததால் சிறிது சிறிதாகத் தேய்ந்து சிதைகிறது. பெரும்பாலும் முன்னர் இணைக்கப்பட்ட பகுதிக்குக் கீழே இது நிகழ்கிறது. தொழுநோயாளியின் பாத எலும்புகள் சிதைவதும் இதே காரணத்தால்தான். இச்சிதைவைச் சீராக்கக் கீழ் முதுகையும் இடுப்பெலும்பையும் திருகாணிகளால் உறுதியாகப் பிணைக்க வேண்டியிருக்கிறது.

உலோகத்தின் பணிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வோர் அசைவின்போதும் கம்பியும் திருகாணியும் சிறிதளவு வளைகின்றன. இலட்சக்கணக்கான முறை வளைந்த உலோகம் சோர்ந்து முறியும். அதற்குள் எலும்பு இணைந்துவிட வேண்டும். ஆகவே ஆல்பியும் ஹிப்சும் 1911 இல் செய்த எலும்பொட்டு இன்றும் இச்சிகிச்சையின் பகுதியாகவே உள்ளது. திருகாணியின் பயன், நோயாளியைப் படுக்கையில் வைத்திருக்கும் வாரங்களைச் சில நாட்களாகக் குறைத்ததில் உள்ளது. உட்கார வைக்கப்பட்ட நோயாளிக்குத் தோலைக் காக்கவும், சிறுநீர்ப்பையைப் பேணவும், நாற்காலியை இயக்கவும், தொழில் ஒன்றைச் செய்யவும் கற்பிக்க வேண்டிய தேவை முன்போலவே நீடிக்கிறது. அத்தேவையை நிறைவு செய்யும் மருத்துவத்துறையையே மேரி வர்கீஸ் வேலூரில் கட்டியெழுப்பினார்.

விருதும் மறைவும்

அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன், மேரி வர்கீசின் வாழ்க்கை வரலாற்றை 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்னும் பெயரில் 1963 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூல் அவருடைய பெயரை இந்தியாவுக்கு வெளியேயும் பரப்பியது. மறுவாழ்வு நிலையம் அமைவதற்கு முன்பே எழுதப்பட்டதால் அவருடைய முதன்மைப் பணியின் பெரும்பகுதி அதில் இடம்பெறவில்லை.

மருத்துவப் பணிக்காக 1972 இல் பத்மசிறீ விருது பெற்ற மேரி வர்கீஸ், 1986 இல் காலமானார். காயமுற்ற பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். 1954 இல் இத்தகைய காயமுற்றவர்களுக்கு இந்தியாவில் இவ்வளவு நீண்ட வாழ்நாள் எதிர்பார்க்கப்படவில்லை. அவருடைய பெயரில் வேலூரில் இயங்கும் அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சிக்கும் வாழ்வாதாரத்துக்கும் உதவி வருகிறது. பாகாயத்தில் அவர் உருவாக்கிய மறுவாழ்வு நிலையத்தில் தமிழகம், ஆந்திரம் மட்டுமன்றி வட, கிழக்கிந்திய மாநிலங்களிலிருந்து வருவோரும் பயிற்சி பெறுகின்றனர்.